6 அங்குல ஃபிகர்களுக்கு டயோராமா: 2,000 ரூபாய்க்குள் எதை எடுக்கலாம்?

ஆறங்குலம்:
அலமாரியில் ஒரு தட்டு ஒதுக்கியிருக்கிறேன். உள்ளளவு 75 செ.மீ. நீளம், 28 செ.மீ. ஆழம், 33 செ.மீ. உயரம். மார்வெல் லெஜண்ட்ஸ் ஆறு, எஸ்.எச்.ஃபிகுவார்ட்ஸ் இரண்டு, மொத்தம் எட்டு ஃபிகர் (மூட்டு அசையும் பொம்மைகள்). நகரத்துச் சந்து மாதிரி டயோராமா, அதாவது அவற்றை நிறுத்தும் சிறு காட்சிப் பின்னணி வேண்டும். ஆன்லைனில் மூன்று வகை கண்ணில் படுகிறது: மடித்து விரிக்கும் அட்டை செட், லேசரில் வெட்டிய எம்.டி.எஃப். (அழுத்திய மரநார்ப் பலகை) கிட், பின்னால் பிரிண்ட் ஒட்டிய அக்ரிலிக் பெட்டி. பட்ஜெட் 2,000. இவற்றில் எது, அல்லது நாமே செய்வது நல்லதா? வீட்டில் தூசியும் ஈரமும் அதிகம்.

டயோ_கோவை:
முதலில் ஸ்கேல். பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். 6 அங்குல ஃபிகர் என்றால் 1/12. நமக்கு இது வசதியான கணக்கு: நிஜத்தில் ஒரு அடி, டயோராமாவில் ஒரு அங்குலம். 7 அடிக் கதவு 7 அங்குலம். அரை அடி உயரப் படி அரை அங்குலம். விற்பவர் "ஆக்‌ஷன் ஃபிகருக்கு" என்று போட்டிருந்தால் போதாது, கதவின் உயரத்தைக் கேளுங்கள். நாலரை, நாலேமுக்கால் அங்குலம் என்று பதில் வந்தால் அது 1/18, 3.75 அங்குல ஃபிகருக்கானது. உங்கள் ஃபிகரை அதன் முன் நிறுத்தினால் தலை நிலைப்படிக்கு மேலே போய்விடும்.

எம்.டி.எஃப். மினியேச்சர் கிட்களில் பல 1/24. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியே 1/12 கிடைத்தாலும், லேசர் வெட்டிய கருப்பு விளிம்பில் கரி இருக்கும். 220 எண் எமரி ஷீட்டால் தேய்த்து எடுக்காமல் ஒட்டினால் பிடிப்பு வராது. விளிம்புக்கு சீலர் (ஈரம் புகாத பூச்சு) அடிக்காவிட்டால் ஈரம் குடித்து உப்பும்.

அட்டை செட்டில் அச்சு அருமையாக இருக்கும். ஆனால் ஈரமான வீட்டில் நாளடைவில் வளையும்.

அக்ரிலிக் பெட்டியை நான் ஒதுக்கிவிடுவேன். விலையில் பெரும்பகுதி பெட்டிக்குப் போகிறது. உங்களிடம் பெட்டி ஏற்கெனவே இருக்கிறது, அதுதான் அந்தத் தட்டு. முன்பக்கம் நகரும் கண்ணாடி மட்டும் போட்டால் தூசிப் பிரச்சினை முடிந்தது. அக்ரிலிக் கீறல் விழும், 75 செ.மீ. நீளத்தில் 3 மி.மீ. ஷீட் வளைந்தும் நிற்கும். கண்ணாடிக்கு இரண்டு தொல்லையும் இல்லை.

ஆக, கண்ணாடிக்கும் விளக்குக்கும் பணத்தை வைத்துக்கொண்டு, சுவரை சன்போர்டில் (பி.வி.சி. நுரைப் பலகை) நீங்களே செய்யுங்கள்.

சந்துச்சுவர்:
மேலே சொன்னதை ஏற்கிறேன். சன்போர்டு வேலையை விவரமாகச் சொல்கிறேன்.

பிளெக்ஸ் பேனர் கடைகளில் 5 மி.மீ. சன்போர்டு துண்டு கேளுங்கள். சன்பேக் ஷீட்டைத் தந்தால் வாங்காதீர்கள். உள்ளே குழல் குழலாக இருக்கும் அது பாலிபுரொப்பிலீன். பசையும் ஒட்டாது, பெயிண்டும் நிற்காது. இருபுறமும் தாள் ஒட்டிய ஃபோம் போர்டும் வேண்டாம், ஈரத்தில் தாள் உரியும்.

செங்கல் அளவு: 9 × 4½ × 3 அங்குலச் செங்கல் 1/12-இல் சுமார் 19 × 9.5 × 6 மி.மீ. செங்கல்களுக்கு நடுவே இடைவெளி 1 மி.மீ. இப்படி முழுச் சுவரையும் கீறினால் 75 × 30 செ.மீ. பரப்பில் ஏறக்குறைய 1,600 செங்கல் வரும். தேவையே இல்லை. காரை பூசிய சுவர், அதில் இரண்டு மூன்று இடத்தில் காரை பெயர்ந்து செங்கல் தெரிகிறது என்று வையுங்கள். உள்ளங்கை அகலத் திட்டுகள் போதும், பார்வைக்கும் அதுதான் நிஜமாக இருக்கும்.

திட்டு வரும் இடத்தில் கட்டர் கத்தியால் அரை மி.மீ. ஆழம் கீறுங்கள். பிறகு மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அதே கோட்டில் அழுத்தி இழுத்தால் பள்ளம் விரியும். அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி மேலே குத்தினால் செங்கலின் சொரசொரப்பு கிடைக்கும். மீதிப் பரப்பை எமரியால் லேசாகத் தேய்த்துவிட்டு, வால் புட்டியில் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து 1 மி.மீ. கனத்தில் இழுங்கள். கனமாகப் பூசினால் வெடிக்கும்; தேய்க்காமல் பூசினால் பாளம் பாளமாகக் கழன்று வரும்.

பெயிண்ட்: அடியில் கருப்பு அக்ரிலிக், மேலே செங்கல் நிறம். காய்ந்ததும் கருப்பும் பழுப்பும் கலந்து ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் விட்டு ஓடவிடுங்கள், பள்ளங்களில் தங்கும். கடைசியாக உலர்ந்த பிரஷில் வெளிர் சாம்பல் தொட்டு, துணியில் துடைத்துவிட்டு, மேடுகளை மட்டும் தடவுங்கள்.

உங்கள் 33 செ.மீ. என்பது 13 அங்குலம். தரைத்தளம் 10 அடி போக, மேல்மாடியின் அடிப்பகுதியும் ஒரு சன்ஷேடும் வரும். அந்த சன்ஷேடை விட்டுவிடாதீர்கள், அதன் நிழல்தான் இந்த இடத்தைச் சந்தாகக் காட்டும்.

எட்டு ஃபிகரையும் ஒரே வரிசையில் நிறுத்த வேண்டாம். முன்னால் ஐந்து, பின்னால் 5 செ.மீ. உயர நடைபாதை மேடையில் மூன்று. ஃபிகுவார்ட்ஸ் பொதுவாக லெஜண்ட்ஸை விடச் சற்றுச் சிறியவை, அவற்றைப் பின்வரிசைக்குக் கொடுத்தால் வித்தியாசம் தூரமாகத் தெரியும். பின்வரிசைக்கும் சுவருக்கும் நடுவே குறைந்தது 5 செ.மீ. விடுங்கள், இல்லாவிட்டால் ஃபிகரின் நிழல் சுவரில் அப்படியே விழும்.

ஆறங்குலம்:
நன்றி இருவருக்கும். வீட்டில் தெர்மாகோல் கிடக்கிறது, மேடைக்கு அதைப் பயன்படுத்தலாமா? தார்ச்சாலைக்குக் கருப்பு எமரி ஷீட் ஒட்டலாம் என்று எங்கோ படித்தேன், சரிவருமா?

வெளிச்சம்_12வி:
தெர்மாகோல் தாங்கும். ஆனால் ஸ்ப்ரே பெயிண்ட் அதன் மேல் பட்டால் கரைந்து குழிவிழும், ஃபெவிக்விக்கும் ரப்பர் பசையும் அப்படியே. முதலில் ஃபெவிகாலும் கருப்பு அக்ரிலிக்கும் கலந்து இரண்டு கை பூசி மூடுங்கள், விளிம்பில் ஒரு தெர்மாகோல் மணி கூடத் தெரியக்கூடாது. இரண்டு பெரிய துண்டுகளை ஃபெவிகாலால் ஒட்டும்போது நடுவில் காற்றுப் போகாமல் நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும். பரவலாகத் தடவாமல் பொட்டுப் பொட்டாக வைத்து, பல்குத்தியால் குத்தி இறுக்குங்கள்.

எமரி ஷீட் பார்வைக்குத் தார்ச்சாலைதான். 400 எண் போதும், 120 எல்லாம் ஜல்லி போலத் தெரியும். ஓரம் சுருளும், அதனால் முழுப்பரப்பும் ஒட்ட வேண்டும். ஃபிகரை அதன் மேல் நகர்த்தினால் பாதத்து பெயிண்ட் போகும். தூக்கித்தான் வைக்க வேண்டும்.

பாதத்தில் இன்னொரு விஷயம். ஃபிகரின் மிருதுவான பி.வி.சி.யில் இருக்கும் பிளாஸ்டிசைசர் (பிளாஸ்டிக்கை இளக்கமாக வைக்கும் ரசாயனம்) மெதுவாகக் கசிந்து, அடியில் உள்ள பெயிண்டை இளக்கிப் பிடித்துக்கொள்ளும். சில மாதம் கழித்து எடுத்தால் தரையின் நிறம் பாதத்தோடு வரும். பெயிண்ட் நன்றாகக் காய்ந்த பிறகு மேட் வார்னிஷ் அடியுங்கள், அப்புறம் பாத அளவுக்கு ஓ.எச்.பி. ஷீட் (புரொஜெக்டருக்கான ஒளிபுகும் ஷீட்) வெட்டி அடியில் வையுங்கள். அது பாலியெஸ்டர், பாதிக்காது. வெளியே தெரியவும் தெரியாது.

விளக்கு: 12 வோல்ட், மீட்டருக்கு 60 எல்.ஈ.டி. உள்ள 2835 (பல்பின் அளவுக் குறி) ஸ்ட்ரிப், 4000 கெல்வின் (நடுத்தர வெள்ளை நிறம்). மீட்டருக்கு 4.8 வாட் வகை என்றால் உங்கள் 75 செ.மீ.க்கு 3.6 வாட்தான். 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர் தாராளம். சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் துண்டாகவே வெட்டித் தருவார்கள். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பைச் செம்புக் குறியில் மட்டும்தான், அதாவது மூன்று பல்புக்கு ஒரு முறைதான் வெட்ட முடியும். பின்பக்க மூலையில் ஒட்டாதீர்கள், எல்லா முகமும் இருண்டுவிடும். முன்பக்க மேல்விளிம்பில், ஓர் அங்குலப் பட்டைக்குப் பின்னால் மறைத்து, 45 டிகிரி உள்நோக்கிச் சாய்த்து ஒட்டுங்கள். டிஃபியூசர் (ஒளியைப் பரப்பும்) மூடி உள்ள அலுமினியப் பட்டியில் வைத்தால் கண்ணாடியில் புள்ளிப் புள்ளியாகத் தெரியாது.

டயோ_கோவை:
கண்ணாடி போட்டதும் இடுக்கை முழுக்க அடைத்துவிடாதீர்கள். காற்றோட்டம் இல்லாமல் சூடேறினால் அதே பிளாஸ்டிசைசர் மேற்பரப்பில் பிசுபிசுப்பாக வரும். ஜன்னல் வெயில் படும் சுவராக இருந்தால் இடத்தை மாற்றிவிடுங்கள், வெள்ளை பாகங்கள் மஞ்சளாகும்.

போஸ்டர், பெயர்ப்பலகை போன்ற தாள் பிரிண்ட்களை இராமபாணப் பூச்சி தின்னும் என்று உள்ளே பாச்சா உருண்டை போடுவார்கள். கண்டிப்பாக வேண்டாம். அதன் நாப்தலீன் ஆவி பாலிஸ்டைரீனை (தெர்மாகோல் அதுதான்) இளக்கும், தெர்மாகோல் மேடை இருக்கும் பெட்டியில் அது கூடவே கூடாது. தாளுக்கு மேட் லாமினேஷன் செய்துவிட்டு, மூலையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு வைத்தால் போதும்.