இருவருக்கென்று ஒரு நோம்பி வேண்டுமா?

நொய்யல்கரையான், திருப்பூர்

வணக்கம். நானும் என் மனைவியும் ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்த்தபோது விரும்பி, இரண்டு ஆண்டுகள் காத்திருந்து இரு வீட்டாரின் சம்மதத்தையும் பெற்றுத் திருமணம் செய்துகொண்டவர்கள். இப்போது பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அவர் செக்கிங்கில் பகல் வேலை பார்க்கிறார். எனக்கு நிட்டிங்கில் பெரும்பாலும் இரவு ஷிப்ட். ஞாயிற்றுக்கிழமையோ துணி துவைக்கவும் உறவினர் வீட்டு விசேஷங்களுக்குப் போய்வரவுமே சரியாகிவிடுகிறது. சென்ற வாரம் அவர், "வருஷத்துல ஒரு நாளாச்சும் நமக்குன்னு வேணுமுங்க, பிப்ரவரி 14 அன்னைக்கு லீவு போடலாமா?" என்று கேட்டார். திண்ணையில் இருந்த என் தந்தையார், "நோம்பின்னா ஊருக்குத்தான் சாட்டுவாங்க, ரெண்டு பேருக்கு எதுக்கு நோம்பி?" என்றார் (எங்கள் பக்கம் பண்டிகையை நோம்பி என்போம்). இருவர் பேச்சிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. காதலுக்குத் தனியே ஒரு நாள் உண்மையில் தேவையா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியை, கோபி

தம்பி, உங்கள் தந்தையார் சொல்வது நம் பக்கத்து வழக்கம்தான். ஆடிப் பதினெட்டுக்குப் புதுமணத் தம்பதியர் பவானி கூடுதுறைக்குப் போனாலும் கூடவே குடும்பம் முழுவதும் போகும். பங்குனி உத்திரத்தில் திருக்கல்யாணம் பார்ப்பதும் ஊரோடுதான். ஆனால் காதலுக்கு விழா எடுப்பது நமக்கு அந்நியம் என்று யாரேனும் சொன்னால் அதை நான் ஏற்கமாட்டேன். கலித்தொகையின் பாலைப் பாடல்களில் இளவேனிற்காலத்துக் காமவேள் விழா பேசப்படுகிறது. அங்கே தலைவி அந்த விழாவை எண்ணி மகிழவில்லை. மற்றவர்கள் தத்தம் துணையோடு ஆடிக் களிக்கும் நாள் வந்தும், பொருள்தேடப் போனவன் வரவில்லையே என்றுதான் வருந்துகிறாள். பிரிவு மற்ற நாட்களிலும் இருந்ததுதான், ஆனால் விழா வந்ததும் அது தாங்க முடியாததாகிவிடுகிறது. இரவு ஷிப்டுக்கும் பகல் ஷிப்டுக்கும் இடையில் உங்கள் மனைவி கேட்பதும் ஏறக்குறைய அதுதான் என்று நினைக்கிறேன்.

மேலைநாட்டாரின் சமயப் பண்டிகை என்ற தயக்கம் இருந்தால் அதுவும் வேண்டாம். கத்தோலிக்கத் திருச்சபையே 1969-இல் புனித வாலண்டைனின் நினைவுநாளைத் தன் பொது நாட்காட்டியிலிருந்து நீக்கிவிட்டது.

பூ விவசாயி, சத்தியமங்கலம்

அம்மா சொன்னதை மதிக்கிறேன், ஆயினும் எனக்கு உடன்பாடில்லை. ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடில்களில் இந்த ஒரு நாளைக் கணக்கிட்டு டிசம்பரிலேயே ரோஜாச் செடிகளைக் கவாத்து செய்கிறார்கள். அந்த விவசாயிகளுக்கு நாலு காசு கிடைப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் பூ வாங்க முடியாதவனின் அன்பு குறைந்தது என்ற எண்ணத்தையும் அந்த நாள் விதைக்கிறதே என்பதுதான் என் வருத்தம். நானும் என் வீட்டுக்காரரும் விடிவதற்கு முன்பே தலையில் டார்ச் கட்டிக்கொண்டு மல்லிகை பறிக்கப் போவோம். ஆளுக்கொரு சாலில் நின்று, மொட்டு மலர்வதற்குள் பறித்தாக வேண்டும் என்ற அவசரத்திலும், பிள்ளைகள் படிப்பு, கடன், முந்தைய நாள் சண்டை என்று எல்லாவற்றையும் பேசித் தீர்ப்பது அந்த இருட்டில்தான். முதலில் உங்கள் ஷிப்டை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். வருடத்துக்கு ஒரு நாளைவிட வாரத்துக்கு நான்கு இரவுச் சாப்பாடு சேர்ந்து உண்பது பெரிது.

வழக்கறிஞர், உடுமலைப்பேட்டை

ஷிப்ட் மாற்றம் நல்ல யோசனை. ஆனால் இந்தக் கேள்வியை நான் எங்கள் ஊரிலிருந்து பார்க்கிறேன். 2016 மார்ச்சில், சாதி கடந்து மணந்த ஓர் இளைஞர் எங்கள் பேருந்து நிலையத்துக்கு அருகே பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்ய வருபவர்கள், 30 நாள் தங்கள் பெயர் அறிவிப்புப் பலகையில் தொங்குவதை நினைத்தே நடுங்குகிறார்கள். வயதுவந்த இருவர் மணந்துகொள்ளக் குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அச்சம் மட்டும் போகவில்லை. அவர்களுக்கு விழாவைவிடப் பாதுகாப்பே முதல் தேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதனால்தான், ஒளிந்துகொள்ள வேண்டிய அவசியமில்லாத உங்களைப் போன்றவர்கள் அந்த நாளை வெளிப்படையாகக் கொண்டாட வேண்டும் என்று விரும்புகிறேன். விரும்பி மணந்தவர்கள் பதினோரு ஆண்டுகள் கழித்தும் ஒன்றாக வெளியே கிளம்பிப் போவதை உங்கள் வீதியில் இருக்கும் பெற்றோர்களும் பார்க்கட்டும்.

நொய்யல்கரையான், திருப்பூர்

மூவருக்கும் நன்றி. மூன்று பதில்களையும் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். ஷிப்ட் மாற்றம் பற்றிச் சூப்பர்வைசரிடம் கேட்டிருக்கிறேன். வேறு ஏதாவது ஒரு நாள் போகலாமா என்றும் மனைவியிடம் கேட்டுப் பார்த்தேன். "மத்த நாள்ல லீவு போட்டா யாருக்கு ஒடம்பு சரியில்லீங்க, எந்த ஊர்ல விசேஷமுங்கன்னு கேப்பாங்க, அன்னைக்கு மட்டுந்தான் நீங்களும் நானும் போறோம்னு சொன்னாப் போதும்" என்றார். பதினோரு ஆண்டுகளாக நாங்கள் எடுத்த ஒவ்வொரு விடுப்புக்கும் வேறு யாரோதான் காரணமாக இருந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும் என்று முடிவு செய்துவிட்டோம். தந்தையாரிடமும் சொல்லிவிட்டேன், அவர் மறுத்துப் பேசவில்லை.

கோபி அம்மா, கொடிவேரி அணையில் பிப்ரவரியில் குளிக்கும் அளவுக்குத் தண்ணீர் விழுமா?