திமிங்கலம் பார்க்கப் படகுலயே தங்கிப் போனவங்க இருக்கீங்களா?

வணக்கமுங்க, கோபிசெட்டிபாளையத்துல இருந்து எழுதறேன். வால்பாறை இருவாச்சிப் பறவை, பவானிசாகர் அணையோரத்து யானைக்கூட்டமெல்லாம் பார்த்த எங்கப்பாவுக்கு இப்ப நீலத்திமிங்கலம் பார்க்கோணும்னு ஆசை. 30 மீட்டர் நீளத்துக்கு வளர்ற உசுரு, மூச்சு விட்டா ரெண்டு மாடி உசரத்துக்குப் பீச்சியடிக்குமாம். அதைச் சொல்லும்போதே அவரு கண்ணு விரியுது.

இலங்கை மிரிசாவுல டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் நல்ல பருவம்னு தெரியும். ஆனா காலையில போயிட்டு மத்தியானம் கரைக்கு வந்துடற படகுதான் கண்ணுல படுது. எங்களுக்கு நாலஞ்சு நாள் கடல்லயே தங்கி, டால்பின், ஆமை, கடல்பறவைன்னு நிதானமாப் பார்க்கோணும். மாலத்தீவுல தங்கற படகு இருக்குதுங்க, ஆனா அங்க முக்கியமாக் காட்டறது திமிங்கலச் சுறாவும் மாண்டா திருக்கையும். ரெண்டும் மீன்தானுங்களே.

ஆழியாறு தாண்டி அந்த 40 கொண்டை ஊசி வளைவுக்கே அப்பாவுக்குக் குமட்டும். ரத்தக்கொதிப்பு மாத்திரையும் சாப்பிடறாரு. டாக்டர்கிட்டக் கேக்கத்தான் போறோம். இருந்தாலும் வயசானவங்களைக் கூட்டிட்டுப் போனவங்க எப்படிச் சமாளிச்சீங்க? படகோட நடுப்பக்கம், கீழ்த்தட்டுல அறை எடுத்தா ஆட்டம் கொறையுதுங்களா?

இன்னொண்ணு, திமிங்கலத்தைத் துரத்தி வழிமறிக்கற படகு வேண்டவே வேண்டாமுங்க. வேகத்தைக் கொறச்சு ஒதுங்கி நிக்கற ஆளுங்களாத் தெரிஞ்சா மட்டும் சொல்லுங்க. சைவச் சாப்பாடு கிடைக்குமான்னும் ஒரு வார்த்தை போடுங்க.