1851 லண்டன்ல கூலிக்காரர் வீட்டு ராத்திரி சாப்பாடு என்ன?

சிவகாசி_மல்லிகா:
வணக்கம். எங்க பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு சின்ன நாடகம் எழுதிட்டிருக்கேன். கதை 1851, லண்டன். அப்பா கப்பல் துறையில மூட்டை தூக்குறவர், அம்மா சட்டை தைக்கிறவங்க, நாலு பிள்ளைங்க, ஒரே ரூம். முதல் காட்சியில அம்மா ஓவன்ல இருந்து வறுத்த கோழியை எடுத்து வைக்கிறாங்க, எல்லாருக்கும் சிலோன் டீ ஊத்துறாங்க. படிச்சுப் பார்த்த சக டீச்சர், "ஏழை வீட்ல கோழியா?"ன்னு சிரிச்சிட்டாங்க. தேடினா ரொட்டி, உருளைக்கிழங்குக்கு மேல எதுவும் கிடைக்கல. நிஜமா தட்டுல என்ன இருந்துச்சு?

பழைய_கரண்டி:
டீச்சரம்மா, நான் 26 வருஷம் கிழக்கு லண்டன்ல ஒரு கேன்டீன்ல கரண்டி பிடிச்சவன். அந்த ஏரியா பழைய கதைன்னா எனக்குக் கிறுக்கு. கோழி இருக்கட்டும், முதல்ல அந்த ஓவனைத் தூக்குங்க. அந்த மாதிரி ஒத்த ரூம்ல இருந்தது குளிர் காய்ற கணப்புதான். அதுல ஒரு கெட்டில் வைக்கலாம், ஒரு சட்டி வைக்கலாம், அவ்வளவுதான். அதுக்கும் நிலக்கரியைக் கொஞ்சம் கொஞ்சமா காசு குடுத்து வாங்கணும். நம்ம ஊர்ல சுள்ளி பொறுக்குற மாதிரி அங்க எங்க போய்ப் பொறுக்க? அரிசி இருந்தும் விறகு இல்லாத வீடு எப்படி இருக்கும்னு யோசிங்க, பாதி புரிஞ்சிடும்.

அதனாலதான் ரொட்டி. அடுப்பு வேண்டாம், அறுத்தா போதும். நாலு பவுண்ட் ரொட்டி, அதாவது ஏறக்குறைய 1.8 கிலோ, அதுதான் வழக்கமான அளவு. கையில காசு இருந்தா வெண்ணெய். இல்லாட்டி டிரிப்பிங், கறி வறுக்கும்போது வடியற கொழுப்பு, அது ஆறி உறைஞ்சதை ரொட்டி மேல தடவிக்கிறது. பிள்ளைங்களுக்கு டிரீக்கிள், நம்ம வெல்லப்பாகு மாதிரி கறுப்பா, சர்க்கரை ஆலையில மிஞ்சுறது.

அந்த ரொட்டியும் சுத்தம் இல்லை. ஹாஸல்னு ஒரு டாக்டர் உங்க கதை நடக்குற அதே காலத்துல லண்டன் ரொட்டி 49 வாங்கி சோதிச்சுப் பார்த்தார். 49லயும் படிகாரம்! ஆமா, சவரக்கடையில கன்னத்துல தேய்க்கிற அதே படிகாரம். மட்டமான மாவையும் வெள்ளையா காட்டும்ல.

சூடா ஏதாவது வேணும்னா தெருவுக்குப் போகணும். பட்டாணி சூப், வேகவைச்ச விலாங்கு மீன், ஆட்டுக்கால், தகர அடுப்புல சுட்ட உருளைக்கிழங்கு எல்லாம் அரை பென்னி, ஒரு பென்னிக்கு. இன்னைக்கு நட்சத்திர ஓட்டல்ல எலுமிச்சம்பழத்தோட வைக்கிறானே சிப்பி, அது அப்போ பென்னிக்கு நாலு, கூலிக்காரன் தின்னது.

ஹென்றி மேஹியூன்னு ஒரு பத்திரிகைக்காரர் அந்தத் தெரு வியாபாரிகளை எல்லாம் உட்கார வைச்சுப் பேசினார். அதுல வாட்டர்கிரெஸ் கீரை விக்கிற எட்டு வயசுப் பொண்ணு ஒருத்தி. காலையில வெண்ணெய் தடவின ரொட்டி ரெண்டு துண்டு, ஒரு டீ. சாயங்காலமும் அதேதான். நடுவுல ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கிழமை மட்டும் கறி. அது எப்படி இருக்கும்னு ஒரு நாள் நானும் அதே அளவுல இருந்து பார்த்தேன். மூணு மணிக்கே கை நடுங்குச்சு. எனக்கு சர்க்கரை வேற, வீட்ல வாங்கின திட்டு தனிக்கதை.

சிவகாசி_மல்லிகா:
ஐயோ, கோழி போச்சு. அந்த ஞாயித்துக்கிழமை கறி? ஓவன் இல்லாம எப்படி?

பழைய_கரண்டி:
பேக்கரி ஓவன்! ஞாயித்துக்கிழமை அங்க புதுசா ரொட்டி போட சட்டம் விடாது. ஆனா சனங்க கொண்டு வர்ற சட்டியை மத்தியானம் வரைக்கும் சுட்டுக் குடுக்கலாம். கீழ உருளைக்கிழங்கு, மேல கறித்துண்டு, வடியற கொழுப்பெல்லாம் கிழங்குல இறங்கும். சின்னதா ஒரு கூலி. நேரமானதும் தெருவுல ஆளாளுக்கு மூடின சட்டியோட வீட்டுக்கு ஓட்டம். உங்க மேடைக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது. வாங்க முடிஞ்ச வாரத்துலதான் இதுவும். துறையில தினக்கூலி, கப்பல் வரலைன்னா கூலி இல்லை.

பண்டாரவளை_பேரன்:
அக்கா, சிலோன் டீயையும் எடுத்துருங்க. 1851-ல எங்க மலையில தோட்டம்னா கோப்பித் தோட்டம். எங்க ஆட்கள் அப்ப கோப்பிப் பழம் பறிக்கத்தான் இந்தியாவுல இருந்து வந்தாங்க. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துராவுல தேயிலை போட்டது 1867-ல. பிறகு நோய் விழுந்து கோப்பி அழிஞ்சுதான் மலை முழுக்க தேயிலையாச்சு. உங்க கதை ஆட்கள் குடிச்சது சீனா தேத்தண்ணி. அதுலயும் குடிச்சுப் போட்ட இலையை வாங்கி, காயவச்சு, சாயம் ஏத்தி திரும்ப வித்தவங்க லண்டன்ல இருந்தாங்க. கறுப்பா ஊத்தாதீங்க, தண்ணியா ஊத்துங்க.

சிவகாசி_மல்லிகா:
நன்றி தம்பி, மாத்திட்டேன். இப்ப முதல் காட்சி ஞாயிறு மத்தியானம். பெரிய பையன் சட்டியைத் துணியால மூடித் தூக்கிட்டு வர்றான், வழியில மூக்கை வச்சு முகர்ந்து பார்க்கிறான். அம்மா எல்லாருக்கும் சமமா பங்கு வைக்கிறாங்க.

பழைய_கரண்டி:
முகர்றது அருமை. "சமமா" மட்டும் வேண்டாம். 1863-ல எட்வர்ட் ஸ்மித்னு ஒரு டாக்டர் அரசாங்கத்துக்காக ஏழைகள் சாப்பாட்டைக் கணக்கெடுத்தார். கறி பெரும்பாலும் அப்பாவுக்குப் போறதை எழுதி வச்சிருக்கார். அவர் உழைச்சாதான் மத்தவங்களுக்கு ரொட்டி, அதனால வீட்லயும் யாரும் அதைத் தப்புன்னு நினைக்கல.

சிவகாசி_மல்லிகா:
சரிங்கய்யா. கறி அப்பாவுக்கு. பிள்ளைங்களுக்குக் கொழுப்பு இறங்கின கிழங்கு. அம்மா சட்டியோட அடியை ரொட்டியால துடைச்சு எடுக்கிறாங்க.

பழைய_கரண்டி:
எங்க அம்மாவும் அப்படித்தான் துடைப்பாங்க. நாடகத்தை வீடியோ எடுத்தா இங்க போடுங்க.