ராயர் கோபுரத்தையும் பட்டியலில் சேர்க்க வேண்டும்

சங்கத்து அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

விடுமுறைக்கு மாமல்லபுரம் வருகிற நம் பிள்ளைகளுக்குச் சுற்றிக்காட்ட வேண்டிய இடங்கள் என்று போன வாரம் ஒரு பட்டியல் வந்ததே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறை எல்லாம் இருக்கிறது. குன்றின் மேல் பாதியில் நிற்கிற வாசல் கோபுரம், ராயர் கோபுரம், இல்லை. 2019 அக்டோபரில் சீன அதிபரும் நம் பிரதமரும் வந்தபோது பார்த்த இடங்களும் இதே நான்குதான், உலகம் முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்ததும் இவற்றைத்தான். வெளியூர்க்காரர்கள் அதோடு நிறுத்திக்கொள்ளட்டும், அவர்களுக்கு நேரம் இருக்காது. நாமும் அப்படியே விட்டுவிட்டால் நன்றாயில்லை.

குன்றின் மேலே கணேச ரதம், வராக மண்டபம் இருக்கிற பக்கம் நடந்தவர்கள் எல்லோரும் ராயர் கோபுரத்தைத் தாண்டித்தான் போயிருப்போம். இரண்டு பக்கமும் கனமான கல் அடித்தளம், நடுவில் வழி, நெட்டையான நிலைக்கால்கள், அதற்கு மேல் வெறும் வானம். சின்ன வயதில் நாங்கள் அதை இடிந்த கோபுரம் என்போம், ஊரில் இன்னும் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். அது இடிந்ததில்லை, கட்டி முடிக்காமல் விட்டது. பல்லவர் காலமும் இல்லை. அதற்கு ஏறக்குறைய எண்ணூறு வருஷம் கழித்து, விஜயநகரத்து ராயர்கள் காலத்தில் எழுந்த வேலை. அந்தக் காலத்தில் தமிழ்நாடு முழுக்கப் பெரிய பெரிய வாசல் கோபுரங்கள் தொடங்கினார்கள். திருவண்ணாமலையில் கிருஷ்ணதேவராயர் தொடங்கியதைத் தஞ்சை செவ்வப்ப நாயக்கர் முடித்தார், 217 அடி. ஸ்ரீரங்கத்தில் தெற்கு வாசல் கோபுரம் நானூறு வருஷம் மொட்டைக் கோபுரமாகவே நின்று, 1987 மார்ச்சில்தான் 13 நிலை, 236 அடி என்று முடிந்து கும்பாபிஷேகம் கண்டது. மதுரையில் புதுமண்டபத்துக்குக் கிழக்கே திருமலை நாயக்கர் தொடங்கிய ராயகோபுரம் இன்றும் அப்படியே நிற்கிறது. 1565இல் தலைக்கோட்டைப் போரில் தோற்ற பிறகு ராயர்களின் கை தளர்ந்துபோனதும், இப்படிப் பல ஊரில் வேலை நின்றதற்கு ஒரு காரணம்.

சரி, பாதியில் நின்றதைப் பிள்ளைகளுக்கு எதற்குக் காட்ட வேண்டும்? பாதியில் நின்றதாலேயேதான். முடிந்த கோபுரத்தில் நாம் எல்லோரும் அண்ணாந்து மேலே இருக்கிற சுதை பொம்மைகளைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவோம். இங்கே மேலே பார்க்க எதுவும் இல்லாததால் கண் அடியிலேயே நிற்கும். எல்லாவற்றுக்கும் கீழே தாங்குகிற உபபீடம், அதன் மேல் அதிஷ்டானம் என்கிற அடித்தளம், அதில் ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று ஒன்றின் மேல் ஒன்றாக வரிகள், அப்புறம் சுவர், அதில் அரைத்தூணும் மாடமும். இத்தனையும் கருங்கல். இதற்கு மேலே வரவேண்டிய நிலைகள் செங்கல்லும் சுண்ணாம்பும் சுதையும்தான், ஏனென்றால் அத்தனை உயரத்துக்குக் கல்லையே அடுக்கினால் வாசலின் மேல் விழுகிற பாரம் தாங்காது. கோபுரத்தில் கல்லின் பங்கு எது, எதற்காக என்று இதைவிடத் தெளிவாகக் காட்டுகிற இடம் நம் ஊரில் வேறு இல்லை.

நிலைக்கால்களை மட்டும் தனியாகப் பத்து நிமிஷம் பார்க்கச் சொல்லுங்கள். அடியிலிருந்து மேல் வரை கொடி ஓடுகிறது, சுருள் சுருளாக வளைந்து. மற்றக் கோயில் கோபுர வாசல்களில் இந்தக் கொடியின் அடியில் ஒரு பெண் நிற்பாளே, கொடிப்பெண், அதே வம்சத்து வேலை இது. இவ்வளவு நீளமான கல்லில் ஒரு உளி தவறினாலும் மறைக்க வழியில்லை, சுதையில் என்றால் பூசிவிடலாம்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம் வேறு ஒன்று. நம் ஊர் முழுக்கவே முடிக்காத வேலைகள்தான், ஆனால் பல்லவர் விட்டதும் ராயர் விட்டதும் ஒரே மாதிரி இல்லை. வளையன்குட்டை ரதத்தையும் பிடாரி ரதத்தையும் நினைத்துப் பாருங்கள்: மேலே சிகரம் வரை வேலை முடிந்திருக்கும், கீழே வெறும் பாறை. ஒரே பாறையைக் குடைகிறவன் மேலிருந்து கீழே வருவான், கீழே நிற்க இடம் வேண்டுமே. ராயர் கோபுரத்தில் அடி முடிந்திருக்கிறது, மேலே எதுவும் இல்லை, ஏனென்றால் அது அடுக்கிக் கட்டுகிறது. குடைவதும் கட்டுவதும் எப்படி நேரெதிர் என்பதை ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம்.

போன தடவை ஒரு அண்ணன் எழுதியிருந்தார், ஸ்ரீரங்கம் மாதிரி நாமும் பணம் திரட்டி இதை முடித்தால் என்ன என்று. நல்ல மனசோடு சொன்னது, ஆனால் நடக்காது, நடக்கவும் கூடாது என்பது என் கருத்து. ஸ்ரீரங்கம் பூஜை நடக்கிற கோயில். இது இந்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கிற சின்னம், 1984இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் உள்ள மாமல்லபுரத்தின் பகுதி. 1958ஆம் வருஷச் சட்டமும் 2010இல் வந்த திருத்தமும் சேர்ந்து, சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடமே கூடாது, அதற்கு அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கித்தான் கட்டலாம் என்கின்றன. இதனால் ஊருக்குள் வீடு வைத்திருக்கிற நம் குடும்பங்கள் படுகிற பாடு எல்லோருக்கும் தெரியும், பழுது பார்க்கவும் அனுமதிக்கு அலைய வேண்டும். அந்தச் சிரமத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் முடித்துவிட்டால், மேலே நான் சொன்ன எதையும் யாரும் பார்க்க முடியாது.

இன்னொன்று. நம் சங்கத்திலேயே எத்தனை பேர் 1957இல் தொடங்கிய சிற்பக் கல்லூரியில் படித்துவிட்டு வெளிநாட்டில் கோயில் வேலைக்குப் போனவர்கள்! குமுதத்தையும் பட்டிகையையும் கைப்பட அடித்தவர்கள் நீங்கள். என்னை விட நூறு மடங்கு நன்றாக இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல உங்களால் முடியும். யாராவது இரண்டு பேர் விடுமுறையில் ஊருக்கு வருவதாக இருந்தால், ஒரு காலை நேரம் ஒதுக்கி வளையன்குட்டையில் தொடங்கி ராயர் கோபுரம் வரை கூட்டிக்கொண்டு போக முடியுமா? வெயில் ஏறுவதற்கு முன்னால் என்றால் நல்லது, குன்றின் மேல் நிழல் குறைவு. நிலைக்காலில் ஏறவோ பெயர் கிறுக்கவோ கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கோபுரத்தின் பக்கத்தில் நின்று எடுத்த பழைய குடும்பப் படங்கள் யாரிடமாவது இருந்தால், வேலி போடுவதற்கு முந்திய காலத்தது என்றால் இன்னும் நல்லது, ஸ்கேன் செய்து குழுவுக்கு அனுப்புங்கள். பட்டியலோடு சேர்த்துப் போட்டுவிடலாம்.