ஸ்கேனர் பழக ஓர் இடம் வேண்டும்

வணக்கம் உறவுகளே. மாங்குளத்துக்கு அருகே ஒரு கராஜில் வேலை செய்கிறேன், வயது 20. சாதாரண தரம் முடித்ததும் மாமாவிடம் லாண்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) திருத்தப் பழகினேன், பிறகு தேசிய தொழில் தகைமையில் நான்காம் மட்டமான என்.வி.கியூ. 4 சான்றிதழும் எடுத்துவிட்டேன்.

போன வருடம் ஒரு திறன் போட்டிக்குப் போனேன். என்ஜினைக் கழற்றிப் பூட்டுவதிலும் வால்வு இடைவெளி அளப்பதிலும் குறை வைக்கவில்லை. அடுத்து ஒரு பெட்ரோல் கார், ஸ்டார்ட் ஆகாது, காரணம் கண்டுபிடிக்க வேண்டும். காரின் கணினியோடு இணைத்துக் கோளாறைப் பார்க்கும் ஸ்கேனரைக் கையில் தந்தார்கள். நான் அதைப் பிடித்த விதத்திலேயே நடுவருக்கு எல்லாம் விளங்கியிருக்கும். எங்கள் கராஜுக்கு வருவது வயல் சேற்றோடு வரும் டீசல் வண்டிகள்தான். அவற்றுக்குக் காதுதான் ஸ்கேனர்.

வேர்ல்ட் ஸ்கில்ஸ் என்ற தொழில்திறன் உலகப் போட்டியில் பெரும்பாலான பிரிவுகளுக்கு வயது எல்லை 22. எனக்கு நாள் அதிகம் இல்லை.

கிளிநொச்சி, வவுனியா பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் சென்சார், வயரிங் வேலை பழக்கக்கூடிய கராஜ் யாருக்காவது தெரியுமா? சம்பளம் வேண்டாம், சாப்பாடும் கொண்டு வருவேன். அறிவியல்நகர் இலங்கை ஜெர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனத் துறை படித்த அண்ணன்மார், அக்காமார் இருந்தால், வேலையை விட்டுவிட்டு என்.வி.கியூ. 5 படிக்கப் போவது புத்தியா என்றும் சொல்லுங்கள். அம்மா வேண்டாம் என்கிறார், மாமா இன்னும் வாய் திறக்கவில்லை.