செருப்பு தைப்பவர் உடம்புக்குள் போனது ஆன்மாவா, நினைவா?

மழைக்காகம்:
பக்கத்துத் திரியில் ஒரு மேதாவி எழுதியிருக்கிறார்: "ஆள் என்பது நினைவுதான். ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக் 1694லேயே இதை முடித்துவிட்டார். நினைவு போனவர் பழைய ஆள் இல்லை." படித்ததிலிருந்து எரிச்சல். என் அப்பாவுக்கு மறதி நோய் வந்து ஆறு வருடம். என் பெயர் தெரியாது. ஆனால் வேட்டியைக் கையில் கொடுத்தால் இரண்டு உதறு உதறி, அதே பழைய இறுக்கத்தில் கட்டிக்கொண்டு, மடிப்பை ஒருமுறை தடவிப் பார்ப்பார். இவர் யார், பக்கத்து வீட்டுக்காரரா? அப்புறம் லாக் சொன்ன கதையில் இளவரசனின் ஆன்மாதான் செருப்பு தைப்பவர் உடம்புக்குள் போகிறது. ஆன்மா. நினைவு இல்லை.

பழைய வாத்தியார்:
அந்த மேதாவி நான்தான். பெயர் சொல்லியே திட்டியிருக்கலாம். ஆன்மா தன் பழைய வாழ்வின் உணர்வைச் சுமந்துகொண்டு போகிறது என்று அதே வரியில் இருக்கிறதே, அதை மட்டும் ஏன் விழுங்கினீர்கள்? அங்கே ஆன்மா வெறும் வண்டி. டிராய் போரில் கிரேக்க வீரன் நெஸ்டருக்குள் இருந்த ஆன்மாவே இன்று ஒருவனுக்குள் இருந்தாலும், நெஸ்டர் செய்தது எதுவும் அவன் உணர்வில் இல்லையென்றால் அவன் நெஸ்டர் இல்லை என்கிறார் லாக்.

மழைக்காகம்:
வண்டி என்று லாக் எழுதினாரா, நீங்கள் எழுதினீர்களா?

கரிசல்:
மனிதன் (உயிருள்ள உடம்பு) வேறு, ஆள் (தன்னை உணரும் உணர்வு) வேறு என்று லாக் பிரிக்கிறார். செருப்பு தைப்பவர் ஊராருக்கு அதே மனிதர்தான், ஆளாக மட்டும் இளவரசன். முதலில் அதைப் பேசிவிடலாமா?

பழைய வாத்தியார்:
அதெல்லாம் அப்புறம். முதலில் வண்டி.

தாமிரபரணி:
லாக்கை மறுத்த ஸ்காட்லாந்துத் தத்துவஞானி தாமஸ் ரீடை வாத்தியார் மறைக்கிறார். தோட்டத்தில் திருடி அடி வாங்கிய பையன் வளர்ந்து அதிகாரியாகி எதிரியின் கொடியைப் பிடிக்கிறான், பிறகு தளபதி ஆகிறான். கொடியைப் பிடித்தபோது அடி வாங்கியது நினைவிருந்தது. தளபதிக்குக் கொடி நினைவிருக்கிறது, அடி மறந்துவிட்டது. அப்படியானால் தளபதி அந்தப் பையன்தான், பையன் இல்லவும் இல்லை. 1785லேயே லாக்கின் கதை கந்தல்.

பழைய வாத்தியார்:
31 வருடம் பாடம் நடத்தியவனிடம் ரீடா? இடையில் உள்ள நினைவுகளைச் சங்கிலியாகக் கோத்தால் ரீடுக்கு வேலையே இல்லை. போன மாதம் தத்துவஞானி ஹியூம் பற்றிய திரியில் தோற்றதற்கு இங்கே கணக்குத் தீர்க்க வேண்டாம் தம்பி.

தாமிரபரணி:
தோற்றேனா? நீங்கள்தான் பாதியில் தூங்கப் போகிறேன் என்று கிளம்பினீர்கள். சங்கிலி லாக்கிடம் இல்லை, பின்னால் வந்தவர்கள் மாட்டிவிட்டது.

மழைக்காகம்:
அந்தச் சங்கிலி என் அப்பாவிடம் எங்கே அறுந்தது, வாத்தியார் சார்? எந்தத் தேதியில்?

சாத்தனூரான்:
இதற்கு லண்டன் எதற்கு? நம் திருமூலர் கதை இருக்கிறதே. வடக்கிலிருந்து வந்த சிவயோகி, செத்துக் கிடந்த இடையன் மூலனைச் சுற்றிப் பசுக்கள் கதறுவதைப் பார்த்து அவன் உடம்புக்குள் போனார். மூலனின் மனைவி கூப்பிட்டாள், தனக்கும் அவளுக்கும் தொடர்பில்லை என்று சொல்லிவிட்டார். கூடு விட்டுக் கூடு பாய்ந்தது ஆன்மாவேதான். மழைக்காகத்துக்கு என் ஓட்டு.

பழைய வாத்தியார்:
அவளை ஏன் ஏற்கவில்லை? மூலனின் நினைவு அவரிடம் இல்லை! நன்றி, என் கட்சிக்கு வந்துவிட்டீர்கள்.

தாமிரபரணி:
இரண்டு பேரும் தப்பு. உள்ளே போனவரை ஊர் சிவயோகியார் என்று கூப்பிடவில்லை, திருமூலர் என்றது. பெயர் உடம்போடுதான் நின்றது.

சாத்தனூரான்:
நாயனாரை வைத்து விளையாட வேண்டாம்.

கரிசல்:
இளவரசன் கிளியோடு பேசிய கதையும் லாக்கிடம் உண்டு. எங்கிருந்து வருகிறாய், யாருடைய கிளி, என்ன வேலை என்று கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி, கோழிகளை மேய்க்கிறேன் என்று கோழியைக் கூப்பிடும் சத்தமும் போட்டுக் காட்டியதாம். அந்தக் கிளி ஆளா?

மழைக்காகம்:
செருப்பு தைப்பவர் உடம்புக்குள் போன அதே இளவரசனா?

பழைய வாத்தியார்:
ஐயோ! அது பிரேசிலில் இருந்த மாரிஸ் இளவரசர், நிஜ ஆள். இது கற்பனை. இதுகூடத் தெரியாமல்தான் ஆன்மா ஆன்மா என்று மூன்று முறை எழுதினீர்களா?

மழைக்காகம்:
நான்காவது முறையும் எழுதுகிறேன். ஆன்மா. வண்டி எந்த வரியில் இருக்கிறது, காட்டுங்கள்.

பழைய வாத்தியார்:
காட்டுகிறேன். நாளைக்கு நீளமாக எழுதுகிறேன்.

தாமிரபரணி:
தூங்கப் போகிறாராம்.