பொருள்: ஜக்குக்குள் தொங்கும் கூடைக்கு ஒரு சொல் (வெள்ளிக்கு முன்)

கல்லடியிலிருந்து:
எல்லோருக்கும் வணக்கம். மனையியல் வகுப்புக்கு இரண்டு பக்கத் துண்டுப்பிரசுரம்: வீட்டில் குளிர்தேநீர் செய்ய என்ன சாமான் வாங்கலாம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும், ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன். கண்ணாடி ஜக்கின் வாயிலிருந்து உள்ளே நீளமாகத் தொங்குமே ஒரு கம்பிவலைக் கூடை, அதற்கு என்ன பெயர்? தேயிலையை அதில் போட்டு, பச்சைத்தண்ணி ஊற்றி, பிறிட்ஜில் எட்டு மணித்தியாலம் வைத்து, கூடையை மட்டும் தூக்கிவிடலாம். இன்ஃபியூசர் என்று எழுத மனமில்லை. வடி என்றால் பிள்ளைகள் பிடி வைத்த தேத்தண்ணி வடியோடு வந்து நிற்பார்கள்.

காரைதீவிலிருந்து:
டீச்சர், ஊறுகலம். ஊறுகாய் போல வினைத்தொகை, முக்காலமும் அடக்கம். 1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்தர் பிறந்த ஊரிலிருந்து எழுதுகிறேன், இன்ஃபியூசருக்குக் கை வராது. தேயிலையே தமிழ்தான்: உருட்டித் தேய்த்த இலை. தேய், தேய்வு, தேய்மானம் என்று...

மருதமுனையிலிருந்து:
சேர், அந்தத் 'தே' சீனத்து ஹொக்கியன் பேச்சிலிருந்து கப்பலேறி வந்தது. அதை விடுவோம். கலம் என்றால் ஜக்கும் கலம்தானே? டீச்சர் கேட்டது கூடைக்கு.

கல்லடியிலிருந்து:
பிள்ளைகள் “சாயம் இறங்கிட்டா?” என்றுதான் கேட்கிறார்கள். சாயமிறக்கி என்றால்?

மருதமுனையிலிருந்து:
வேண்டாம் டீச்சர்! இது நெசவு ஊர். இங்கே சாயம் இறங்கினால் உடுக்கிற சாரம் கடைக்குத் திரும்பி வரும்.

அக்கரைப்பற்றிலிருந்து:
நன்னூலில் நெய்யரி இருக்கிறதே. நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்வதால் அதைக் கடைமாணாக்கனுக்கு உவமை சொன்னார் பவணந்தியார். நமக்கு வேண்டியது அதே வேலைதான். சாயத்தை விட்டு இலையைப் பிடிக்க வேண்டும். ஆகவே தேயிலையரி. மா அரிக்கிற அரிதட்டு எல்லார் வீட்டிலும் இருக்கிறது, யாருக்கும் விளங்கும்.

காரைதீவிலிருந்து:
அரி என்றால் வெட்டு, கறையான் அரிப்பது, சிங்கம், திருமால்...

மருதமுனையிலிருந்து:
திருமாலை ஜக்குக்குள் இறக்க வேண்டாம் சேர். டீச்சர், பெயர் எதுவானாலும் வலைக்கண் நெருக்கம் என்று எழுதுங்கள். டஸ்ட் தேயிலை அகலமான கண்ணுக்குள்ளால் புகுந்து அடியில் மண்டியாகக் கிடக்கும். நான் வாங்கிய முதல் கூடை அப்படித்தான், இப்போது அதில் உள்ளி கிடக்கிறது. கொதிதண்ணியில் சாயம் போட்டு ஐஸில் ஊற்றுகிறவர்களுக்குப் போரோசிலிகேட் கண்ணாடி. சாதா ஜக் டக்கென்று வெடித்துவிடும். ஐஸ் கரையும், சாயம் இரட்டிப்பாக இருக்கட்டும்.

அக்கரைப்பற்றிலிருந்து:
என் உம்மா வெள்ளைத் துணியில் பொட்டணி கட்டிப் போடுவா. அதற்குப் பெயரே தேவைப்படவில்லை.

கல்லடியிலிருந்து:
சரி, அச்சகம் இரண்டு முறை அழைத்துவிட்டது. ஊறுகூடை என்று போடுகிறேன். மூன்று பேர் சம்மதம், தேயிலையரிக்காரர் இன்னும் கோபம்.

அக்கரைப்பற்றிலிருந்து:
கோபமில்லை. என் வகுப்பில் தேயிலையரி என்றுதான் சொல்வேன்.

காரைதீவிலிருந்து:
வினைத்தொகையில் வலி மிகாது, நடுவில் ‘க்’ போடவேண்டாம் என்று அச்சகத்தாரிடம் சொல்லிவிடுங்கள். ஊறு என்றால் தீங்கும்தான்.

கல்லடியிலிருந்து:
அச்சுப்படி வந்துவிட்டது சேர். நாலு இடத்திலும் ‘ஊறுக்கூடை’.